212-ஆம் பக்கத்து ஒட்டு

அந்தப் பதிப்பகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். எந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டாலும் புத்தகத்தைப் புரட்டாமல் பொருள் சொல்வாள் என்பதால் வைத்த பெயர்தான். ஆனால் முதலாளி அதைச் சொல்லும்போது, யாருக்கும் அடங்காதவள் என்ற இன்னொரு அர்த்தமும் லேசாக எட்டிப் பார்க்கும். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்து நான்கு வயதில் தனியாக ஓர் அறை எடுத்துக் குடியிருப்பவளுக்கு, யார் வாயிலாவது ஏதாவது ஒரு பெயர் புழங்கினால் சரிதான்.

பதிப்பகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே காகிதக் கிடங்கும் பைண்டிங் கூடமும், மேலே இரண்டே இரண்டு அறை. ஒன்றில் முதலாளி. இன்னொன்றில் பக்கம் வடிவமைக்கிறவரும் அகராதியும் முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்கான தேர்வு எழுதுகிறவர்களுக்குக் கைடு போடுவதுதான் தொழில். இலக்கணக் கைடு, கணக்குக் கைடு, பொது அறிவுக் கைடு எல்லாம் போட்டு முடித்த பிறகு முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது: ஃபிரேசல் வெர்ப் கைடு.

ஆங்கிலத்தில் சாதுவாக இருக்கிற ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் அப், அவுட், ஆஃப் என்று ஒரு வாலை ஒட்டிவிட்டால் போதும், அர்த்தம் எங்கேயோ போய் நிற்கும். கிவ் என்றால் கொடு. கிவ் அப் என்றால் விட்டுவிடு. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் வெள்ளைக்காரனுக்கே தெரியாது. படிக்கிறவர்களைப் படாத பாடு படுத்துகிற சமாச்சாரம் இது. அதிலும் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கிற இரண்டு வந்து நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். அறுநூறு வினைகள், ஒவ்வொன்றுக்கும் பொருள், அதை ஒத்த வேறொன்றிலிருந்து அது எங்கே விலகுகிறது என்று ஒரு குறிப்பு, உதாரணத்துக்கு இரண்டு மூன்று வாக்கியம். பத்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்றார் முதலாளி. அவள் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

மற்ற கைடுகளில் வருகிற உதாரணங்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரோ ஒருவன் எங்கேயோ போகிறான், எதையோ தள்ளிப்போடுகிறான். அவன் யார், எதைத் தள்ளிப்போட்டான் என்று கேட்டால் பதில் இல்லை. அதெல்லாம் உயிரில்லாத வாக்கியம் என்பாள். ஒரு சொல்லின் அர்த்தம், அந்தக் காரியத்தைச் செய்த ஆளைத் தெரிந்தால்தான் பிடிபடும் என்பது அவள் கட்சி. கற்பனையாக எழுத எனக்கு வராது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்வாள். ஆகவே தெரிந்தவர்களை எல்லாம் ஒருவர் பாக்கியில்லாமல் பிடித்து கைடுக்குள் உட்கார வைத்தாள்.

கிவ் இன், கிவ் அப் இரண்டுக்கும் முதலாளியே கிடைத்தார். மனைவி போட்ட போட்டில் அவர் பணிந்தது கிவ் இன். பணிந்த பிறகு சிகரெட்டை விட்டது கிவ் அப். பக்கம் வடிவமைக்கிறவர் அந்த இடத்துக்கு வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். முதலாளி படித்துவிட்டு, ரொம்பத் தெளிவா இருக்கே என்றாரே தவிர அவருக்கு உறைக்கவில்லை. புட் அப் வித், கெட் யூஸ்டு டு என்ற ஜோடிக்கு அவள் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்புக் கதவுப் பட்டறை உதவியது. முதல் வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தத்தைப் பொறுத்துக்கொண்டாளே, அது முதலாவது. இப்போது பட்டறைக்கு விடுமுறை விட்டால்தான் தூக்கம் வருவதில்லை, அது இரண்டாவது.

புட் ஆஃப், கால் ஆஃப் வந்தபோது வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப்போடப்பட்டது, மூன்றாவது தடவை வேண்டாம் என்றே நிறுத்தப்பட்டது என்று எழுதினாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கடைசியில் சொன்ன காரணம்கூட இப்போது சரியாக ஞாபகம் இல்லை என்று அவள் சொல்லிக்கொள்வது பொய். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லாமல் அந்த வாக்கியத்தை எழுதி முடித்து, அடுத்த வினைக்குப் போனாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. சொந்தத் துக்கத்தையே கறாராகக் கையாளத் தெரிந்தவளுக்கு அடுத்தவர் துக்கம் எம்மாத்திரம் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்திருக்க வேண்டும்.

எட்டாவது மாதம் ஷட் அவுட்டில் வந்து மாட்டிக்கொண்டாள்.

லாக் அவுட், ஷட் அவுட் இரண்டுமே ஒருவரை உள்ளே வரவிடாமல் வெளியே நிறுத்துவதுதான். லாக் அவுட்டில் பூட்டுதான் முக்கியம். சாவியை மறந்து வைத்துவிட்டாலும், காற்றில் கதவு சாத்திக்கொண்டாலும்கூட அது நடக்கும். ஷட் அவுட்டில் உள்ளே இருக்கிறவரின் மனசுதான் முக்கியம். தெரிந்தே, வேண்டுமென்றே திறக்காமல் இருப்பது. குறிப்பு எழுதிவிட்டாள், உதாரணம்தான் வரவில்லை. திரைச்சீலை வெளிச்சத்தைத் தடுத்தது என்று ஒரு வாக்கியம் எல்லா அகராதியிலும் இருக்கிறது. திரைச்சீலைக்கு ஏது மனசு? ஒரு மத்தியானம் முழுக்க எழுதி எழுதி அடித்தாள். நாலு மணிக்குமேல், தானாக ஒன்று கையில் வந்து உட்கார்ந்தது.

அது அவள் அக்காவின் கதை.

அக்கா வீடு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி, ஒரு பழைய குடியிருப்பில் இரண்டாவது மாடி. அக்கா, அக்காவின் மகள் இருவர்தான். மகளைக் குட்டி என்று கூப்பிட்டுப் பழகி, இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறவளையும் அப்படியேதான் கூப்பிடுகிறார்கள். அத்தான் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. தங்கமான மனிதர், எந்த வேலையிலும் ஒரு வருஷம் நிலைத்ததில்லை என்பதுதான் குறை. மேலாளரோடு முறைத்துக்கொள்வார், பையைத் தூக்கிக்கொண்டு நடுப்பகலில் வீட்டுக்கு வந்து நிற்பார். அழைப்பு மணியை அழுத்தவே மாட்டார். சாப்பாட்டு டப்பாவால் கதவை டங் டங்கென்று மூன்று தட்டுத் தட்டுவார். குட்டி சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டாலே, கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து உள்ளேயிருந்து பதிலுக்குத் தட்டுவாள். ஐந்தாவது வேலையும் போனபோது அக்கா, இனி வேலையை விட்டுவிட்டு இந்த வாசலுக்கு வராதீர்கள் என்று சொல்லியிருந்தாள்.

ஆறாவது வேலைக்குப் போய் மூன்றாவது மாதம், ஒருநாள் பதினொன்றரை மணிக்கு அவர் வந்தார். வேலையை விடவில்லை. நெஞ்சு ஒருமாதிரி இருக்கிறது என்று அரை நாள் விடுப்புக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். கதவு திறக்கவில்லை. படியிறங்கிப் போய் கடைசிப் படியில் உட்கார்ந்தார். காய்கறி வாங்கிக்கொண்டு வந்த மேல்மாடிக்காரர் பார்த்தபோது உடம்பு சுவரில் சாய்ந்திருந்தது, டப்பா மடியிலேயே இருந்தது. குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், குழாய்ச் சத்தத்தில் தட்டியது கேட்கவில்லை என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப்பட்ட ஒன்பது வயதுக் குட்டியும் நம்பினாள்.

நாலு மாதம் கழித்து, தங்கையின் அறைக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்தபடி அக்கா உண்மையைச் சொன்னாள்.

"கேட்டுச்சு பாப்பா. மூணு தட்டும் கேட்டுச்சு. மறுபடியும் வேலைய விட்டுட்டு வந்து நிக்கறாருன்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் வெளியவே நிக்கட்டும், அப்பதான் புத்தி வரும்னு முறத்த கைல வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன்."

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திறந்திருந்தாலும் பிழைத்திருப்பார் என்பது நிச்சயமில்லை என்று மருத்துவர் சொன்னதை நினைவுபடுத்தினாள். அதெல்லாம் அக்கா காதில் ஏறவில்லை.

"குட்டிக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா அவ எனக்கு இல்ல."

அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அகராதி யாரிடமும் மூச்சு விட்டதும் இல்லை. ஏழு வருஷம் பத்திரமாக வைத்திருந்ததைத்தான் அந்த மத்தியானம் நாலு மணிக்குமேல் எடுத்துத் தாளில் வைத்தாள்: அவன் சாப்பாட்டு டப்பாவால் கதவை மூன்று தரம் தட்டினான், அவள் உள்ளே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் அவனை ஷட் அவுட் செய்தாள். ஆங்கிலத்தில் மூன்றே மூன்று சின்ன வாக்கியங்கள். எழுதும்போது அக்காவின் முகம் அவளுக்கு முன்னால் வரவேயில்லை. இரண்டு சொற்களுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் கடைசியில் துல்லியமாக விழுந்துவிட்டதே என்ற சந்தோஷம்தான் இருந்தது. பக்கம் வடிவமைக்கிறவர், இதைப் படிச்சா ஜென்மத்துக்கும் மறக்காது என்று பாராட்டினார். அவள் உச்சி குளிர்ந்து போனாள். பின்னால் எத்தனையோ தடவை அவளைக் கூசவைத்தது அந்தக் குளிர்ச்சிதான்.

அவளுக்குத் துளிக்கூடப் பயம் இல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய கைடுகள் வேலை தேடுகிறவர்கள் கைக்குத்தான் போகும். அந்தக் கூட்டத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். விடை எது என்று பார்ப்பார்கள், அடிக்கோடு போடுவார்கள், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். டப்பாவால் தட்டியது யார் என்று யோசிக்க அவர்களுக்கு நேரம் கிடையாது.

புத்தகம் அச்சாகி, பைண்டிங் முடிந்து, கட்டுக்கட்டாகக் கீழே அடுக்கியாயிற்று. ஒரு திங்கட்கிழமை முதலாளி வாயெல்லாம் பல்லாக மேலே வந்தார். ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு முழுமைக்கும் இந்தக் கைடையே வாங்குகிறார்களாம், முந்நூறு பிரதி, புதன்கிழமை வண்டி போகிறது என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்று அவள் கேட்டாள். அவர் சொன்னது குட்டி படிக்கிற பள்ளிக்கூடம்.

  அவர் நகர்ந்ததும் அவள் கீழே போய் ஒரு பிரதியை எடுத்து 212-ஆம் பக்கத்தைத் திறந்தாள். எழுதும்போது மூன்று சின்ன வாக்கியங்களாகத் தெரிந்தவை, இப்போது பக்கம் முழுவதும் அவை மட்டுமே இருப்பதுபோலத் தெரிந்தன. டப்பா என்கிற ஒரு சொல்லையாவது விட்டிருக்கலாம். உலகத்தில் எத்தனையோ பேர் கதவைத் தட்டுகிறார்கள். டப்பாவால் தட்டினது ஒருத்தர்தான்.

முதலாளியிடம் போய் அந்தத் தாளையே எடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஏன் என்றார். உதாரணம் தப்பு என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அவள் எழுதியதில் ஒரு புள்ளி பிசகியது கிடையாது. அகராதிக்கே தப்பா என்று கேட்டுச் சிரித்தார். தைத்து ஒட்டிய புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவினால் எதிர்ப்பக்கத்துத் தாளும் கையோடு வந்துவிடும், அது ஆகாத காரியம் என்றார். வேண்டுமானால் வழக்கம்போல ஒட்டுப் போட்டுவிடலாம்.

ஒட்டு என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான். அச்சான பிறகு பிழை தென்பட்டால், திருத்திய வரியைச் சின்னச் சீட்டாக அடித்து, வெட்டி, பிழையின்மேல் ஒட்டிவிடுவார்கள். அவளே எத்தனையோ கைடுகளுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறாள், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்று மாலையே சீட்டுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தாள். திரைச்சீலை வெளிச்சத்தைத் தடுத்தது. பக்கம் வடிவமைக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு, முன்னாடி இருந்ததே நல்லா இருந்துச்சேம்மா என்றார். 

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பைண்டிங் கூடத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூட இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு, முந்நூறு பிரதிக்கும் ஒட்டுப் போட்டாள். மைதாப் பசையைத் துணியால் தொட்டு, சீட்டை வரி பிசகாமல் வைத்து, நான்கு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்தினாள். மற்ற இருவர் ஒட்டியதையும் ஒன்று விடாமல் வாங்கிச் சரிபார்த்தாள். இவ்வளவு அக்கறையா என்று அவர்கள் தங்களுக்குள் கேலி பேசிக்கொண்டார்கள். விரல் வெளுத்துப் போய், முதுகு விண்விண்ணென்று தெறிக்க, கடைசிப் பிரதியைக் கட்டோடு சேர்த்து வைத்தபோது மணி ஏழு. அன்றைக்குத்தான் அவளால் ஒரு வாய் சாதம் ஒழுங்காக விழுங்க முடிந்தது.

அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம், பட்டறைச் சத்தத்துக்கு நடுவே குட்டி அவள் அறைக்கு வந்தாள். பள்ளிக்கூடப் பையோடு வந்தாள். சித்தி எப்படி இருக்கீங்க என்று கேட்டாள். டீ போட்டுக் கொடுத்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு கைடை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தாள். 212-ஆம் பக்கத்தில் ஒட்டு இல்லை. அது இருந்த இடத்தில் காகிதம் கொஞ்சம் சுரண்டப்பட்டு, கீழே இருந்த மூன்று வரியும் முழுசாகத் தெரிந்தன.

பாவம், அகராதிக்கு வேலை தேடுகிறவர்களைத்தான் தெரியும். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு தூக்கம் சொக்குகிற நேரத்தில், நாற்பது பெண்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருத்தி கையிலும் ஒரே பக்கத்தில் ஒரே மாதிரி ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் என்ன நடக்கும் என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"எல்லாரும் எச்சில் தொட்டு உரிச்சுட்டாங்க சித்தி. ஏதோ அசிங்கமா இருக்கப் போகுதுன்னு ஒரே ஆர்வம். ஒண்ணும் இல்லன்னதும் விட்டுட்டாங்க" என்றாள் குட்டி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒட்டு இல்லன்னா நான் அந்தப் பக்கத்தப் படிச்சிருக்கவே மாட்டேன்" என்றாள்.

 அது சும்மா எழுதியது, எங்கேயோ படித்தது, கற்பனை என்று அகராதி மென்று விழுங்கினாள். கற்பனையாக எழுத வராது என்று நீங்கள்தானே சொல்வீர்கள் என்று குட்டி கேட்டாள். குரலில் சண்டை இல்லை. சந்தேகம் கேட்கிற மாணவி மாதிரிதான் கேட்டாள். பிறகு விரலை அந்தப் பக்கத்தில் வைத்தாள்.

"லாக் அவுட்டுக்கும் ஷட் அவுட்டுக்கும் என்ன வித்தியாசம் சித்தி?"

வித்தியாசம் அந்தப் பக்கத்திலேயே, அவள் எழுதியபடியே, கறுப்பு மையில் இருந்தது. எந்த இரண்டு சொல்லையும் ஒன்று என்று ஒப்புக்கொள்ளாமலே இத்தனை வருஷம் சோறு தின்றவள் அவள். ஒன்றுதானே என்று யார் சொன்னாலும் சண்டைக்குப் போவாள்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றாள்.

"அப்ப எதுக்கு ஒட்டினீங்க?"

பட்டறையில் இரும்பை அறுக்கிற சத்தம் உச்சத்துக்கு ஏறி நின்றது. அதைச் சாக்கிட்டு அவள் கேட்காததுபோல் இருந்தாள். சத்தம் நின்றது. குட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள், கணக்குக்கு விடை வந்துவிட்டால் ஆட்டுவதுபோல. மிச்ச டீயைக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வரேன் சித்தி என்று சொல்லிக்கொண்டு போனாள். ஒரு கத்தல், ஓர் அழுகை இருந்திருந்தால் அகராதிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தக் கழுவின டம்ளர்தான் அவளைக் கொன்றது.

அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அன்று மாலையே நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். மறுநாள் போனை எடுத்தாள், அக்கா குரலைக் கேட்டதும் சமையல் ஆச்சா என்று கேட்டுவிட்டு வைத்தாள். ஒருவேளை குட்டி ஒன்றும் கேட்காமலே விட்டுவிடலாம், நாளாக நாளாக மறந்தும் போகலாம் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டாள். இப்படியே இரண்டு வாரம் ஓடியது. அந்த ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் கிளம்பிப் போனாள்.

அக்கா சிரித்த முகமாகத்தான் கதவைத் திறந்தாள். மருந்துக் கடை வேலையைப் பற்றிப் பேசினாள், முட்டிவலியைப் பற்றிப் பேசினாள். குட்டி நூலகத்துக்குப் போயிருக்கிறாளாம், வரும் நேரம்தானாம்.

"அவளுக்குப் பொறுப்பு வந்துடுச்சு பாப்பா. முன்ன மாதிரி எங்கிட்ட ஒண்ணுக்கும் சண்ட போடறதில்ல. சொன்ன வேலையச் செய்யறா, சாப்பிடறா, படிக்கறா. வயசு ஆகுதில்ல?"

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ரொம்ப நாளாக யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தவள்போல, ஆனா பேசறதே கொறஞ்சுபோச்சு என்று சேர்த்துக்கொண்டாள். தங்கை ஜன்னலைப் பார்த்தபடி, பரீட்சை நேரம் இல்லையா, அப்படித்தான் இருக்கும் என்றாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா பேச்சை விட்டுவிட்டு எழுந்தாள். அத்தான் போன நாளிலிருந்து அவள் அப்படித்தான். யார் படியேறி வந்தாலும், தட்டுவதற்குக் கை ஓங்கும் முன்னே கதவைத் திறந்துவிடுவாள். பால்காரரும் தபால்காரரும்கூட அதற்குப் பழகிவிட்டார்கள். முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்திருப்பாள். அதற்குள் பூட்டில் சாவி நுழைகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. குட்டி உள்ளே வந்து, புத்தம்புதுச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாங்க சித்தி என்றாள்.

அக்கா கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள். இதென்ன புதுசாக என்று கேட்டாள். நேற்றுச் செய்து வாங்கினேன் என்றாள் மகள்.

"நீ வர்ற நேரத்துல நான்தான் வீட்ல இருக்கேனே, எதுக்குடி சாவி?"

குட்டி குனிந்து செருப்பைக் கழற்றினாள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒழுங்காக வைத்தாள்.

"இருந்தாலும் குழாய்ச் சத்தத்துல கேக்காம போயிடுமில்லம்மா. அதான்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பையை வைப்பதும், முகம் கழுவுவதும், துண்டை எடுப்பதும் கேட்டன. அக்கா மகள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.   பிறகு மெல்லத் திரும்பித் தங்கையைப் பார்த்தாள். அகராதி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த அந்த ஒரு கணத்திலேயே அக்காவுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

அக்கா அழவில்லை, ஏசவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தங்கைதான் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றாள், தொடுவதற்குத் தைரியம் வராமல்.

"உன் ஒருத்திகிட்டதான் சொன்னேன்" என்றாள் அக்கா.

உள்ளே இருக்கிற மகளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று, அப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.